காற்று இலாகா

எங்கள் வீட்டு மந்திரிசபையில் நிதி, உணவு, உறவினர் நலன், பொதுப்பணி ஆகியவை என் மனைவியிடம். அறநிலையம் அம்மாவிடம். உளவுத்துறை மகளிடம், அவள் பெங்களூரில் வேலை பார்த்தாலும், ஆதம்பாக்கத்தில் அன்று மதியம் என்ன குழம்பு, அதில் நான் என்ன குறை கண்டேன் என்பதெல்லாம் சாப்பிட்ட கை காய்வதற்குள் அவளுக்குப் போய்விடும். பணிக்காலம் முழுக்க அடுத்தவர் கணக்கில் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்று வந்த எனக்கு மிஞ்சியது, சிலிண்டர் வரும் நாளில் வாசலில் நிற்பது. இலாகா இல்லாத அமைச்சர் என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த நிலையில்தான் காற்று என்று ஒரு துறை யாரும் சீந்தாமல் கிடப்பதைக் கண்டேன். மூச்சுவிடுவதற்கு மேல் காற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மந்திரியாவதற்குத் துறையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சாசனத்திலும் எழுதியிருக்கவில்லையே.

ஆயுதம் மகள் மூலம் வந்தது. தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்து, "நாள் பூரா அரசியல் வீடியோ பாக்கறதுக்கு பதிலா பைத்தான் கத்துக்கோப்பா, மூளைக்கு நல்லது" என்றாள். மூளைக்கு நல்லது என்று அவள் சொன்னது அவளுடைய அம்மாவின் நிம்மதிக்கு நல்லது என்ற பொருளில் என்பது பின்னால்தான் புலப்பட்டது. அந்த நிரல்மொழியைக் கற்றேன். கற்ற வித்தையை எதன் மீது பிரயோகிப்பது என்று தேடியபோது ஓப்பன்ஏக்யூ என்ற லைப்ரரி கண்ணில் பட்டது. உலகெங்கும் உள்ள காற்று அளவீட்டு நிலையங்களின் எண்களை நம் மேசைக்குக் கொண்டுவந்து தரும் நிரல்களின் கட்டு அது. யாரோ புண்ணியவான்கள் எழுதி, சோதித்து, இலவசமாக விட்டிருக்கிறார்கள். 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்ஏக்யூ' என்று ஒரே ஒரு வரி அடித்தால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர்கள் தளத்தில் பெயரைப் பதிந்தால் ஒரு சாவி தருகிறார்கள். அதற்கும் காசு கிடையாது. சாவி என்றால் நீளமான எழுத்துச் சரம்தான். இருந்தாலும் இந்த வீட்டில் என் பெயருக்கு வந்த முதல் சாவி என்பதால் நோட்டில் எழுதி பீரோவில் வைத்தேன். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

"அதான் போன்லயே வானிலைக்குக் கீழ வருதே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. ஆகவே பதில் சொல்லவில்லை. போனில் வருவது ஊரில் எல்லோருக்கும் வரும் எண். அதைச் சொல்லி யாரை மிரட்ட முடியும்? நிரல் எழுதி, சாவி போட்டு, இந்த இடத்தைச் சுற்றி இத்தனை மீட்டருக்குள் எந்த நிலையம், அந்த நிலையத்தில் என்ன உணரி, அந்த உணரி மணிவாரியாக என்ன அளந்தது என்று படிப்படியாகக் கேட்டு வாங்கிய எண்ணை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் காட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "ம்ஹூம், ஜன்னலைச் சாத்து" என்று சொல்வதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அந்தக் கம்பீரத்துக்கு எந்த ஆப்பும் கிடையாது.

ஓப்பன்ஏக்யூவின் பூர்வீகத்தையும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். 2008ல் பெய்ஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகம் தன் மாடியில் ஒரு கருவியை வைத்து, நுண்துகள் அளவை மணிக்கொரு முறை ட்விட்டரில் போட ஆரம்பித்தது. 2010 நவம்பரில் காற்றுத் தரக் குறியீடு 500ஐத் தாண்டியபோது, அப்படியெல்லாம் ஆகவா போகிறது என்று யாரோ விளையாட்டாக எழுதிவைத்திருந்த 'பைத்தியக்காரத்தனமான மோசம்' என்ற பொருள்படும் வாசகம் தானாகவே உலகத்துக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் வேறு கதை. குளிர்காலத்தில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரைக்கும் போகும்; கூடார வீடுகளில் கரி எரிக்காமல் உயிர் தங்காது; எரித்தால் மூச்சு தங்காது. அங்கே காற்று ஆராய்ச்சி செய்த கிறிஸ்டா ஹேசன்காஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஜோ ஃப்ளாஷர் என்பவரோடு சேர்ந்து 2015ல் ஓப்பன்ஏக்யூவைத் தொடங்கினார். பல நாட்டு அரசுகள் ஏதோ ஒரு மூலையில், ஏதோ ஒரு வடிவத்தில் எண்களை வெளியிடுகின்றன. அடுத்த மணி எண் வந்ததும் முந்தையது காணாமல் போய்விடுகிறது. அவற்றையெல்லாம் ஓடி ஓடிப் பொறுக்கி, ஒரே வடிவத்தில் அடுக்கி, பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதுதான் அவர்கள் வேலை.

"பழசைத் தூக்கிப் போடாம வெச்சிருக்கறதா?" என்று என் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா?"

ஆதம்பாக்கத்தின் பூகோளம் எனக்கு வாய்ப்பாக அமைந்தது. ஒரு பக்கம் வேளச்சேரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டு நிலையம். இன்னொரு பக்கம் ஆலந்தூர் பஸ் டிப்போவில் அதே வாரியத்தின் இன்னொன்று. நான் நடுவில். லைப்ரரியிடம் நம் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் இரண்டையும் காட்டும். ஒரு புள்ளியைச் சுற்றித் தேடும்போது அட்சரேகை முதலில் வரவேண்டும். கட்டம் கட்டித் தேடுவதானால் தீர்க்கரேகை முதலில். இந்த ஆசாரத்தை மீறி எண்களை இடம் மாற்றிப் போட்டால் ஆதம்பாக்கம் நார்வேயின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கும் வடக்கே, ஆர்க்டிக் கடலுக்குள் போய் விழும். பக்கத்திலுள்ள மோஃபன் தீவில் வால்ரஸ்கள் கூட்டமாக வெயில் காயுமாம். இதை நான் ஒரு மே மாதத்து மதியம் விளக்கியபோது, "அங்கேயே வெச்சிருக்கலாமே" என்றாள் மனைவி. என்னையா வீட்டையா என்று சொல்லவில்லை.

இரண்டு நிலையம் இருப்பதன் பயன், நமக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்ளலாம் என்பது. கணக்குத் தணிக்கையில் இதற்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் இதற்கு ராஜதந்திரம் என்று பெயர். மைத்துனர் குடும்பத்தோடு மெரினாவுக்குக் கிளம்ப வேண்டியிருந்த மாலையில் நான் மோசமாக இருந்த நிலையத்தை எடுத்தேன். என் நண்பன் வீட்டுக்குச் சீட்டாடக் கிளம்பிய மாலையில் நன்றாக இருந்ததை எடுத்தேன். மனைவி சும்மா இருப்பாளா? இப்போதெல்லாம் நான் எண்ணைச் சொன்னவுடன் "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்கிறாள். விசாரணைக் கமிஷன் தோற்றது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஓப்பன்ஏக்யூ நமக்குக் காற்றுத் தரக் குறியீட்டைத் தராது. ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 என்ற நுண்துகள் இத்தனை மைக்ரோகிராம் என்று பச்சையாக எடையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது நம் பாடு. ஏன் என்றால் தீர்ப்பு நாட்டுக்கு நாடு வேறு. நம் நாட்டுக் குறியீடு 2014ல் அறிவிக்கப்பட்டு 2015ல் நடைமுறைக்கு வந்தது. எட்டு மாசுகள், ஆறு படிகள்: நன்று, திருப்தி, மிதம், மோசம், மிக மோசம், கடுமை. எட்டில் எது அதிக எண் வாங்குகிறதோ அதுதான் மொத்தக் குறியீடு. சராசரியெல்லாம் கிடையாது. எட்டுப் பாடத்தில் ஏழில் நல்ல மார்க் வாங்கினாலும் கணக்கில் கோட்டை விட்டவனை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி.

எடுத்துக்காட்டாக, இருபத்துநாலு மணி நேரச் சராசரியாக பி.எம். 2.5 நாற்பத்தைந்து மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சூத்திரத்தில் போட்டால் 75 வருகிறது: 'திருப்தி'. அதே நாற்பத்தைந்தை அமெரிக்கச் சூத்திரத்தில் போட்டால் 124: உடல் நலிந்தோருக்குக் கெடுதல், ஆரஞ்சு நிறம். உலக சுகாதார நிறுவனத்தைக் கேட்டாலோ, 2021ல் அவர்கள் திருத்திச் சொன்ன ஒருநாள் வரம்பு 15. நம் நாற்பத்தைந்து அதைப் போல மூன்று மடங்கு. நம் தேசத்து வரம்பு 60. ஆகவே இன்னும் பதினைந்து மைக்ரோகிராம் நமக்குப் பாக்கி இருக்கிறது. ஒரே காற்று. ஒரே மூக்கு.

இது அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா வாக்கியப் பஞ்சாங்கம். மனைவி வீட்டார் திருக்கணிதம். சனி பகவான் திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் மீனத்துக்குப் போய்விட்டார். வாக்கியப்படி 2026 மார்ச் வரைக்கும் கும்பத்தை விட்டு நகரவே இல்லை. இதனால் அந்த ஒரு வருஷம் முழுக்க எனக்கு ஏழரை நடக்கிறதா, முடிந்துவிட்டதா என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. நடக்கிறது என்று நடந்துகொண்டதில் மட்டும் ஒற்றுமை இருந்தது. "அப்போ உங்க இந்தியா கணக்கு வாக்கியம், அமெரிக்கா கணக்கு திருக்கணிதம். அப்படித்தானேடா?" என்றாள் அம்மா. பல பக்க ஆங்கில அறிக்கையைப் படித்து நான் புரிந்துகொண்டதை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரத்தில் பிடித்துவிட்டாள். அதே 2025 மார்ச்சில்தான் அமெரிக்கத் தூதரகங்களும் உலகெங்கும் தங்கள் அளவீடுகளை வெளியிடுவதை நிறுத்தின. சென்னைத் துணைத் தூதரகக் கருவியின் எண்களும் அதோடு வரவில்லை. "சனிப்பெயர்ச்சி பலன்" என்றாள் அம்மா, திருக்கணிதத்தை முதன்முறையாக ஏற்றுக்கொண்டு.

அன்றிலிருந்து நான் வீட்டுப் பஞ்சாங்கம் ஆனேன். காலையில் அம்மா காலண்டரைக் கிழித்து ராகு காலம், எமகண்டம் பார்த்துவிட்டு, "உன் ஆளு என்ன சொல்றான்?" என்று கேட்பாள். வடகம் பிழிய வேண்டும். மொட்டை மாடியில் புடவை விரிக்கலாமா? நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குறியீடு என்பது இருபத்துநாலு மணி நேரச் சராசரி, அதிலும் குறைந்தது பதினாறு மணி நேர அளவீடு இருந்தால்தான் செல்லும், ஆகவே இப்போது நான் சொல்லப்போவது பெரும்பாலும் நேற்றைய காற்றைப் பற்றியது என்று விளக்க ஆரம்பிப்பேன். விளக்கி முடிப்பதற்குள் வடகம் பாதி காய்ந்திருக்கும்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் மீது எனக்குத் தொழில்முறை மரியாதை உண்டு. இந்த நிலையங்களில் பரவலாக இருக்கும் பீட்டா கதிர்க் கருவி மணிக்குச் சுமார் ஒரு கன மீட்டர் காற்றை உறிஞ்சி, கண்ணாடி இழை நாடா ஒன்றின் மேல் தூசியைப் பொட்டாகப் படியவைக்கிறது. பொட்டு வைப்பதற்கு முன்னும் பின்னும் கார்பன்-14லிருந்து வரும் பீட்டா கதிரை நாடாவுக்குள் செலுத்திப் பார்க்கிறது. எவ்வளவு குறைந்து வருகிறதோ அவ்வளவு தூசி. பிறகு நாடா நகர்ந்து அடுத்த பொட்டு. இரவும் பகலும், யாரும் பார்க்காவிட்டாலும், மணிக்கொரு பதிவு, முன் இருப்பு, பின் இருப்பு. இப்படி ஒரு கிளார்க் என் பணிக்காலத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

எந்தக் கருவிக்கும் உடம்பு சரியில்லாத நாள் உண்டு. மின்சாரம் போகும், நாடா தீரும், அளவு சரிபார்க்க நிறுத்துவார்கள். அப்போது சில மணிகளுக்கு எண் வராது; சில இடங்களில் கழித்தல் 999 என்று வரும். 'அளவு இல்லை' என்பதற்கான அடையாளம் அது. தெரியாமல் சராசரியில் சேர்த்துவிட்டால் ஊரின் காற்று இமயமலையைவிடச் சுத்தமாகி, பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். விடுபட்ட மணிகளையெல்லாம் பட்டியலிட்டு, தேதி வாரியாக ஆட்சேபணைக் குறிப்பு எழுதி, கோப்பு போட்டு வைத்தேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியாததால் மகளுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

ஓப்பன்ஏக்யூவின் பெருந்தன்மைக்கும் எல்லை உண்டு. நிமிஷத்துக்கு 60 கேள்வி, மணிக்கு 2,000. அதற்கு மேல் போனால் 429 என்ற எண்ணோடு 'கேள்விகள் அதிகம்' என்று வாயை மூடிக்கொள்ளும். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் மறுபடி பேசும். லைப்ரரியின் நன்மையே இதையெல்லாம் அது பார்த்துக்கொள்வதுதான். இதைக் கேட்டதும் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த ஏற்பாட்டை வீட்டுக்கும் போட முடியுமா?" என்றாள். காபி எங்கே, கண்ணாடி எங்கே, பேப்பர் வந்துடுச்சா, யார் போன்ல என்று நான் நிமிஷத்துக்கு அறுபதைத் தாண்டுகிறேனாம். இப்போதெல்லாம் அவள் பதில் பேசாமல் "நானூத்தி இருவத்தொம்போது" என்கிறாள். அம்மாவும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பழைய பதிப்புகளைப் பற்றியும் கேளுங்கள். லைப்ரரிக்குப் பின்னால் இருக்கும் சேவையின் முதல் இரண்டு பதிப்புகளும் 2025 ஜனவரி 31ஆம் தேதி ஓய்வு பெற்றன. இனி மூன்றாம் பதிப்புதான். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி பழைய பதிப்புக்கு எழுதியவை, இனி வேலைக்கு ஆகாதவை. எனக்கு அவற்றோடு ஒரு சகோதர பாசம் உண்டு. எனக்காவது பென்ஷன் வருகிறது.

அம்மாவுக்கு ஊர் நினைப்பு வரும்போதெல்லாம், "நம்ம ஊர்ல காத்து எப்படின்னு பாருடா" என்பாள். எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் ஒரு கிராமம். லைப்ரரியில் ஒரு புள்ளியைச் சுற்றி அதிகபட்சம் 25 கிலோமீட்டர் வரைக்கும் தேடலாம். தேடினேன். இரண்டு சதுர அடைப்புக்குறிகள் வந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பார்த்தியா, நம்ம ஊர்க் காத்துல ஒண்ணுமே இல்லை!" என்று மேல்வீட்டு மாமிவரைக்கும் செய்தி போய்விட்டது. அளக்க ஆளில்லை என்பதற்கும் அழுக்கில்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அறுவடைக்குப் பிறகு வைக்கோல் கொளுத்துவார்களே, செங்கல் சூளை இருக்கிறதே என்று நான் எடுத்துச் சொன்னேன். "உன் டப்பாவே சொல்லிடுச்சு, நீ யாரு?" என்றாள். தணிக்கையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஆட்சேபணையே இல்லாத அலுவலகம் எது என்று பார்த்தால், யாரும் தணிக்கைக்குப் போகாத அலுவலகமாக இருக்கும்.

லைப்ரரி எனக்குச் செய்த பேருதவி நடைப்பயிற்சி விஷயத்தில். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, காலையில் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிகாலையில் எழுந்திருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கொள்கை அளவில் ஒத்துவராது. ஒரு குளிர்கால மாதம் முழுவதற்குமான மணிவாரி எண்களை இறக்கி வரைபடம் போட்டேன். என்ன ஆச்சரியம்! விடிகாலையிலும் காலை ஏழு, எட்டு மணிக்கும்தான் கோடு உச்சியில் நிற்கிறது. காரணம் உண்டு. இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் அதை ஒட்டிய காற்று மேலே எழாமல் கனத்துக் கிடக்கும்; ஊரின் புகையெல்லாம் அந்தத் தாழ்ந்த கூரைக்குள்ளேயே சுற்றும்; விடிந்ததும் வண்டிகள் வேறு கிளம்பும். வெயில் ஏறி தரை சூடானால்தான் கூரை உயர்ந்து புகை கலையும். ஆக, காலை நடை என்பது அறிவியலுக்கு விரோதம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இதை அறிவித்தேன்.

மனைவி வரைபடத்தை நிதானமாகப் பார்த்தாள். கோடு எங்கே பள்ளத்தில் இறங்குகிறது என்று விரலை வைத்தாள். பிற்பகல் இரண்டு மணி. "சரி. ரெண்டு மணிக்குப் போங்க. குடை எடுத்துக்கோங்க."

சென்னையில் பிற்பகல் இரண்டு மணிக்கு நடப்பவர்களை எனக்குத் தெரியாது. இருந்தால் அவர்கள் குடும்பத்தாரோடு ஏதாவது மனஸ்தாபத்தில் இருப்பவர்களாக இருக்கும். நல்லவேளையாக ஓசோன் கைகொடுத்தது. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் வேறு சில ஆவிகளும் வெயிலில் வெந்து ஓசோன் உண்டாவது பிற்பகலில்தான். எட்டு மாசுகளில் அதுவும் ஒன்று. அதையும் இறக்கி, அதற்கும் ஒரு வரைபடம் போட்டு, சிவப்பு வண்ணத்தில் காட்டினேன். சாயங்காலம்? ஆபீஸ் விடும் நேரம், வண்டிப் புகை. இரவு? நாய்கள், அது லைப்ரரியில் இல்லை, சொந்த அனுபவம். மழைக்காலத்தில் துகளெல்லாம் கரைந்து எண் அழகாக இறங்கிவிடும், ஆனால் ஆதம்பாக்கத்தில் மழைக்காலத்தில் நடப்பதற்குப் பெயர் நீச்சல். ஆக வருஷம் பூராவும் நடப்பதற்குத் தோதான ஒரு மணி நேரம்கூட இல்லை என்று தரவுகளோடு நிரூபித்து, அச்செடுத்து, அடுத்த முறை டாக்டரிடம் நீட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "நல்லா வேலை செஞ்சிருக்கீங்க சார். இதெல்லாம் உக்காந்துதானே செஞ்சீங்க?" என்று கேட்டு, மாத்திரையை இரண்டாக்கினார்.

ஜன்னல் விவகாரத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எண் நூறைத் தாண்டினால் எல்லா ஜன்னலும் அடைப்பு என்பது என் முதல் அரசாணை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆலந்தூரில் நூற்றுச் சொச்சம் காட்டியது. சாத்தினேன். உள்ளே அம்மா சாம்பிராணி போட்டு மூலைமூலையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் மிளகாய் வற்றல் தாளிப்பு. கட்டிலடியில் கொசுவர்த்திச் சுருள். ஹாலில் எதிர்ச்சுவர் தெரியவில்லை. இருமிக்கொண்டே மனைவி கேட்டாள், "உங்க லைப்ரரி வெளியில நூத்திச் சொச்சம்னுதே, உள்ள எவ்வளவுன்னு சொல்லுமா?" அது மாநில அரசின் அதிகார வரம்பு, நான் மத்திய வாரிய எண்களை மட்டும்தான் கையாளுகிறேன் என்று புகைக்குள்ளிருந்து பதில் சொன்னேன். அவள் குரல் வந்த திசையில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அரசாணை இன்னும் அமலில்தான் இருக்கிறது, ஜன்னல்தான் திறந்திருக்கிறது.

அடுக்குமாடிச் சங்கத்துக்கும் என் புகழ் எட்டியது. எதிர்வீட்டுக்காரர் காய்ந்த இலைகளைக் கூட்டிக் கொளுத்துகிறார், அவர் மேல் 'டேட்டாவோடு' புகார் கொடுக்க வேண்டும் என்றார் செயலாளர். காற்றடிக்கும் திசையையும் மாசையும் சேர்த்து எந்தப் பக்கத்திலிருந்து புகை வருகிறது என்று காட்ட முடியும். ஆர் மொழியில் ஓப்பன்ஏர் என்ற தொகுப்பில் அதற்கென்றே வட்டமான அழகான வரைபடங்கள் இருக்கின்றன. டேவிட் கார்ஸ்லா என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது. ஆனால் அது நிலையத்துக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுதான் சொல்லும். ஆலந்தூர் டிப்போவில் இருக்கும் கருவியைக் கொண்டு எதிர்வீட்டு வேப்பிலையைப் பிடிக்க முடியாது. இதைச் சொன்னதும் செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில், பராமரிப்புக் கட்டணம் இரண்டு மாதம் பாக்கி இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது தெரிந்தது.

பிறகு போகி வந்தது. விமான நிலையத்துக்கு அண்டைவீட்டுக்காரர்களான எங்களுக்குப் போகி என்றால் என்ன என்று தெரியும். 2018 போகியன்று காலை புகைமூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல், சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். இந்த வருஷ போகிக்கு முந்தின வாரம் மனைவி என் அலமாரியைக் காலி செய்வதற்கான பட்டியலோடு வந்தாள். பழைய சுற்றறிக்கைகள், நூல் விட்ட சட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலாக எனது இரண்டு சஃபாரி சூட்டுகள். ஒன்று பிஸ்கட் நிறம், ஒன்று சாம்பல். அந்த சாம்பல் நிறத்தைப் போட்டுக்கொண்டு தணிக்கைக்குப் போனால் கணக்காளர்கள் எழுந்து நிற்பார்கள்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். ஓப்பன்ஏக்யூவின் கிடங்கிலிருந்து 2018 ஜனவரி எண்களை எடுத்தேன். பதின்மூன்றாம் தேதி விடிகாலையில் கோடு செங்குத்தாக எழுந்து நின்றதைக் காட்டினேன். லைப்ரரி நேரத்தை உலகப் பொது நேரத்திலும் நம் நேரத்திலும் சேர்த்தே தருவதால், ஐந்தரை மணி வித்தியாசத்தைச் சொல்லிக்கூட யாராலும் மறுக்க முடியவில்லை. சுவாசக் குழாய், நுரையீரல் சிற்றறைகள், ஒரு தலைமுடிப் பருமனில் இருபதில் ஒரு பங்கு சைஸ் துகள், அது ரத்தத்தில் கலப்பது என்று பேசினேன். பாலியெஸ்டர் கலந்த சஃபாரித் துணி எரிந்தால் என்னென்ன வாயு வரும் என்று தனியாக ஒரு அத்தியாயம். அம்மா, "போகிக்கு ஒண்ணுமே கொளுத்தலைன்னா எப்படிடா?" என்று முனகினாள். ஆனாலும் அவளுக்கே இருமல் ஞாபகம் வந்து, தெருவில் சின்னப் பிள்ளைகள் மேளம் அடித்தால் போதும் என்று சமாதானமானாள். மனைவி ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. கடைசியில், "நீங்க சொல்றது சரிங்க. கொளுத்தக் கூடாது" என்றாள். திருமணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தின் முற்பகுதியை நான் கேட்டதில்லை. அன்று இரவு மகளுக்கும் போன் செய்து சொன்னேன். உளவுத்துறைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, ஏனோ சிரித்தாள்.

பொங்கல் முடிந்து ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பும்போது சாம்பல் சஃபாரியைத் தேடினேன். அலமாரி விசாலமாக இருந்தது.

"கொளுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "பாத்திரக்காரம்மாகிட்ட போட்டுட்டேன். ரெண்டு சஃபாரிக்கும் சேர்த்து இதுதான் குடுத்தா."

கையில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் டீ வடிகட்டி. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இதுல எத்தனை மைக்ரான் வரைக்கும் நிக்கும்னு பாத்துச் சொல்லுங்க."